மிச்சிகனிடம் தோற்றால் எல்லாம் போச்சா?

"மிச்சிகனிடம் தோற்றால் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு அந்த வருஷம் சாம்பியன் பட்டம் கிடையாது" என்று, அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (கையால் பந்தை எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து) பரம எதிரிகளான இந்த இரு அணிகளைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு.

2024 நவம்பர் 30. கொலம்பஸில், லட்சம் பேருக்கு மேல் கூடிய ஒஹாயோ ஸ்டேட்டின் சொந்த மைதானத்திலேயே, தரவரிசையில் இல்லாத மிச்சிகன் 13-10 என்று வென்றது. 45 விநாடி மிச்சமிருக்கும்போது அடித்த 21 கஜ ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து 3 புள்ளி எடுப்பது). அந்த உதை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் அந்த சீசனில்தான் பிளேஆஃப், அதாவது பட்டத்தை முடிவு செய்யும் நாக்-அவுட் சுற்று, 4 அணிகளிலிருந்து 12 ஆனது. 8ஆம் இடத்தில் நுழைந்த ஒஹாயோ ஸ்டேட், டென்னசி, ஓரிகன், டெக்சஸ் மூன்றையும் சாய்த்து, 2025 ஜனவரி 20 அன்று நோட்டர் டேமை 34-23 என வீழ்த்திப் பட்டத்தைத் தூக்கியது.

பழைய 4 அணி முறையிலும்கூட, 2022இல் மிச்சிகனிடம் 45-23 என்று உதை வாங்கிய பிறகும் பிளேஆஃபுக்குப் போனார்கள். மிச்சிகனை ஜெயித்தே ஆகணும் என்ற ஆசை எனக்கும் உண்டு. அதற்காக, ஆட்டத்துக்கு முன்பே புது ரசிகர்களை இப்படிப் பயமுறுத்தாதீர்கள்.