செர்ன் நடராசர் சிலை: வாட்ஸ்அப் கதையும் உண்மையும்

மொரீசியஸ் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப்பில் காவடிப் படங்களோடு ஒரு செய்தியும் சுற்றுகிறது: ‘ஜெனீவா செர்ன் ஆய்வகத்தில் கடவுள் துகள் கிடைத்ததும், சிவனே மூலசக்தி என்று விஞ்ஞானிகள் ஒப்புக்கொண்டு நடராசர் சிலை வைத்தார்கள்.’

தவறு. சிலை அங்கே இருப்பது உண்மைதான். ஆனால் அது 2004இல் இந்திய அரசு கொடுத்த அன்பளிப்பு. ‘கடவுள் துகள்’ என்று சொல்லப்படும் ஹிக்ஸ் துகளின் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டதோ 2012 ஜூலை 4 அன்று. எட்டு ஆண்டு முன்பே வந்துவிட்ட சிலை எப்படி ஒப்புதலாகும்?

‘கடவுள்’ பட்டம் 1993இல் வந்த ஒரு புத்தகத் தலைப்பு. அந்தத் துகளை முன்கூட்டியே கணித்த இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸுக்கே அது பிடிக்கவில்லை. சிவன் உண்டா இல்லையா என்று செர்ன் சோதிக்கவும் இல்லை (காவடி எடுப்பவர் யாரும் அந்தச் சான்றிதழைக் கேட்கவும் இல்லை).

‘மூலசக்தி’யும் பொருந்தாது. ஹிக்ஸ் துகளோடு தொடர்புடைய, வெளியெங்கும் பரவிய ஹிக்ஸ் புலம் எலக்ட்ரான் போன்ற அடிப்படைத் துகள்களுக்கு நிறை தருகிறது. புரோட்டான் நிறையில் பெரும்பங்கு, அணுக்கருவைப் பிணைக்கும் வலுவிசையின் ஆற்றலிலிருந்து வருவது. ஈர்ப்பு விசையோ, ஹிக்ஸ் துகள் இடம்பெறும் துகள் இயற்பியல் கோட்பாட்டுக்குள்ளேயே இல்லை.