ஆம்ப்ளிஃபயரை மாற்றி மாட்ட எவ்வளவு நேரம் ஆனது?

"பழைய ஆம்பைவிட இதில் பாஸ் (கீழ் சுருதி ஒலி) இறுக்கமாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான். ஐந்து நிமிடம் என்றால் அந்த ஒப்பீட்டை நான் ஏற்பதில்லை. சொல்பவர் பொய் சொல்கிறார் என்பதல்ல, காதின் நினைவு அவ்வளவு நேரம் தாங்காது.

கேட்ட ஒலியை அப்படியே பிடித்து வைத்திருக்கும் நினைவுக்கு 1967இல் உளவியலாளர் உல்ரிக் நைசர் 'எக்கோயிக் மெமரி' என்று பெயர் வைத்தார். அதன் ஆயுள் சில விநாடிகள்தான். ஒயரைக் கழற்றி மாட்டி முடிப்பதற்குள் ஒலி போய்விடும். 'கொஞ்சம் மங்கல்', 'குரல் முன்னால் நிற்கிறது' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்ட வார்த்தைகள்தான் மிஞ்சும். புது ஆம்பை அந்த வார்த்தைகளோடுதான் ஒப்பிடுகிறோம்.

அம்மாவின் குரலை போனில் ஒரு 'ஹலோ'விலேயே கண்டுபிடிக்கிறோமே என்பீர்கள். நியாயம்தான். குரல் யாருடையது என்பது வருடக்கணக்கில் மறக்காது. ஆனால் நேற்றைவிட இன்று 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் அரை டெசிபல் கூடியிருக்கிறதா என்பதை அந்த நினைவால் சொல்ல முடியாது.

எனக்கே நடந்தது. புது ஆம்ப் மாட்டிய அன்று வீணையின் மீட்டு தெளிவாகப் பிரிந்து கேட்டது, சத்தியம் செய்திருப்பேன். அப்புறம் ஒருநாள் 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்தேன். பழையதில் 2.00 வோல்ட், புதியதில் 2.14. கிட்டத்தட்ட 0.6 டெசிபல் வித்தியாசம். இவ்வளவு சின்ன ஏற்றம் சத்தமாகத் தோன்றாது, 'தெளிவு' என்றே தோன்றும். இரண்டையும் சமமாக்கி, எது ஓடுகிறது என்று எனக்குத் தெரியாதபடி நண்பர் ஒருவரை ஸ்விட்சில் மாற்றச் சொன்னேன். 16 முறையில் 9 சரி. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 8 வரும். 12 சரியாக வந்திருந்தால் ஏதோ கேட்கிறது என்று நம்பியிருப்பேன்.

1994இல் ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஸ்பீக்கர்களைப் பார்த்துக் கேட்கும்போதும் பார்க்காமல் கேட்கும்போதும் மதிப்பெண் மாறுவதைக் காட்டிவிட்டார்கள். அனுபவசாலிகளும் இதற்கு விலக்கல்ல.

மாதக்கணக்கில் கேட்டுப் பழகினால்தான் தெரியும் என்பவர்களுக்கு: பிடிக்கிறதா, காது களைக்கிறதா என்பதற்கு அது சரி. இரண்டும் வேறா என்பதற்கு, சில விநாடி நீளமுள்ள ஒரே இசைத் துண்டை உடனுக்குடன் மாற்றிக் கேட்பதுதான் வழி. தலையையும் அசைக்காமல் வையுங்கள், ஒரு சாண் நகர்ந்தாலே ட்ரெபிள் (மேல் சுருதி ஒலி) மாறிவிடும்.

விமர்சனம் எழுதும் நண்பர்களே, இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள்: மாற்ற எவ்வளவு நேரம் ஆனது, சத்தத்தை எப்படிச் சமமாக்கினீர்கள். மீதியை அதற்குப் பிறகு ஆசையாகப் படிப்பேன்.