என் அத்தை யாருடைய காயமும் அல்ல

கண்காட்சியில் என் ஓவியத்தின் கீழே ஒட்டியிருந்த அந்த வாசக அட்டையின் படத்தை உங்களில் பாதிப் பேர் ஏற்கெனவே பகிர்ந்துவிட்டீர்கள். ஆகவே முழுக் கதையையும் மறுபடி சொல்லப்போவதில்லை. சனிக்கிழமை பினாங்கு ஜார்ஜ்டவுன் கண்காட்சியில் குத்துவிளக்கு ஏற்றி, சிறப்பு விருந்தினராக வந்த டத்தோவுக்குப் பொன்னாடை போர்த்தி, எல்லாம் முடிந்த பிறகுதான் என் ஓவியத்தின் கீழே என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்த்தேன். நான் எழுதிக் கொடுத்தது: "அத்தை. விடியற்காலை, பால்மரக்காடு." அங்கே இருந்தது: "மரத்தின் காயம், நம் இனத்தின் காயம். இரத்தமும் கண்ணீரும் கலந்த தோட்ட வாழ்வின் ஆவணம்." அதற்குக் கீழே, தடித்த எழுத்தில், என் பெயர்.

அந்த வரிகளை நான் எழுதவில்லை. "அக்கா, என்ன வரிகள்! கண் கலங்கிவிட்டது" என்று செய்தி அனுப்பியவர்கள் தயவுசெய்து பாராட்டை உரியவரிடம் சேர்த்துவிடுங்கள்.

அது என் அத்தை. என் அப்பாவின் அக்கா. நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். மாமாவின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, நெற்றியில் விளக்கு, இடுப்பில் புகைந்துகொண்டே தொங்கும் கொசுவத்திச் சுருள். ஓவியத்தில் இருப்பது இவ்வளவுதான். அத்தை அழவில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும், உதட்டோரம் ஒரு திருப்தி இருக்கிறது. அதை வரைய நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"மரத்தின் காயம்" என்று எழுதிய அன்பர் எந்தக் காலத்திலும் உளி பிடித்தவரிடம் பேசியிருக்க மாட்டார். பால்மரம் வெட்டுவது என்றால் பட்டையை மெல்லிசாகச் சீவுவது. பால் ஓடும் குழாய்கள் பட்டைக்குள் இருக்கின்றன. உளி அதையும் தாண்டி, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் படலத்தைத் தொட்டால்தான் காயம். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே உளி ஒழுங்காக ஓடாது. காயம் போட்டவருக்குத் தண்டலிடம், அதாவது தோட்டத்து மேற்பார்வையாளரிடம், நல்ல ஏச்சு விழும். என் அத்தை காயம் போடாதவர். புதிதாக வேலைக்கு வந்தவர்களை அத்தை வெட்டும் மர வரிசைக்கு அழைத்து வந்து, "இப்படி வெட்டு" என்று தண்டல் காட்டுவாராம். இதை அத்தை எங்கள் வீட்டு விசேஷங்கள் எல்லாவற்றிலும் சொல்லியிருக்கிறார். சற்றுப் பெருமைக்காரர்தான்.

இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்கும் அந்தச் சாய்கோடு இருக்கிறதே, அதற்கும் காரணம் உண்டு. குழாய்கள் மரத்தைச் சுற்றிச் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. அதற்கு எதிர்ச்சாய்வில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் திறக்கும், பால் கூடுதலாக வடியும். நான் இதைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். அத்தையிடம் சொன்னபோது, "இதற்கெல்லாம் புத்தகமா?" என்றார்.

கித்தானில் நான் முதலில் போட்டது முகத்தை அல்ல, அந்தக் கோட்டை. கோடு சரியாக விழுந்த பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது. காயமே படாமல் வெட்டிய ஒருத்தியின் கோட்டைக் காட்டி "இனத்தின் காயம்" என்று எழுத ஒரு தனித் திறமை வேண்டும்.

அந்த நீலம் எங்கிருந்து வந்தது என்று யாருமே கேட்கவில்லை. நானே சொல்கிறேன். அத்தையின் லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) சிவகாசியில் அச்சான முருகன் நாட்காட்டி ஒன்று பல வருடங்கள் சுவரிலேயே இருந்தது. தேதிகள் எல்லாம் கிழிந்துபோய் முருகன் மட்டும் மிச்சம். நாட்காட்டிச் சாமி படங்கள் வரைந்த கோவில்பட்டி கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் நமக்குப் பழக்கிக் கொடுத்த அதே கொழுகொழுக் கன்னம், அதே மயில். அந்த மயில் கழுத்தைப் பார்த்துத்தான் பள்ளி விடுமுறையில் பென்சிலும் கையுமாக உட்கார்ந்தேன். மரம் வெட்டும் நேரத்துக் காடு கறுப்பாக இருக்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். இருட்டு கலையத் தொடங்கும்போது பாருங்கள், இலைகளுக்கு நடுவில் அந்த மயில் கழுத்து தெரியும். பிரஷ்யன் நீலத்தில் எரிந்த அம்பர் கலந்து எத்தனையோ தடவை கெடுத்து, கடைசியில் பிடித்தேன். கறுப்பு வண்ணக் குழாயைத் திறக்கவே இல்லை. பாலில்கூட நேரடி வெள்ளை கிடையாது, விளக்கு வெளிச்சத்தின் மஞ்சள்தான். இதையெல்லாம் அட்டையில் எழுத இடமில்லை, இரத்தத்துக்கும் கண்ணீருக்கும் மட்டும் இடமிருந்தது.

"மாட்டிய பிறகு ஓவியம் பார்ப்பவருடையது" என்று ஒருவர் பாடம் எடுக்கிறார். சரி ஐயா. பார்த்து என்ன வேண்டுமானாலும் நினையுங்கள், அழ வேண்டுமா அழுங்கள். என் பெயர் போட்டு அச்சடிக்காதீர்கள்.

"இலவசமாக இடம் கொடுத்தார்கள், நன்றி வேண்டாமா?" நன்றி.

"நேரில் பேசியிருக்கலாமே?" ஏற்பாட்டாளர்களிடம் பேசினேன். "சமூகத்துக்கு ஒரு செய்தி வேண்டாமா, சகோதரி?" என்ற பதில்தான் கிடைத்தது.

அடுத்த குற்றச்சாட்டுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "தோட்டத்துத் துயரத்தை மறைக்கிறீர்கள், பட்டணத்துக்கு வந்ததும் வரலாறு கசக்கிறதோ?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். யாரிடம் பேசுகிறீர்கள்? ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டவர்களில் என் பாட்டியின் அண்ணனும் ஒருவர். திரும்பவில்லை. தோட்டம் வீட்டுமனைக்காக விற்கப்பட்டபோது அத்தை லயத்தைக் காலி செய்ததும், அடுக்குமாடிக்குப் போய் மாடிப்படி ஏறி மூச்சு வாங்கியதும் என் கண்முன்னால் நடந்தவை. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை என்ற கணக்கில்தான் என் அப்பாவுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினார் அத்தை. இதையெல்லாம் நான் வரைய வேண்டும் என்று தோன்றும் நாளில் வரைவேன், அன்றைக்கு வாசகமும் நானே எழுதுவேன். அத்தையின் வாழ்க்கையில் துயரம் இருந்தது. அந்த ஓவியத்தில் இருக்கும் அந்த நிமிடத்தில் இல்லை. ஒரு நிமிடமாவது அவரை நிம்மதியாக விடுங்களேன்!

இதே பினாங்கில் துணியில் மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் முறையில் ஓவியம் படைத்த சுவா தியன் தெங் தாயையும் பிள்ளையையும் எத்தனையோ முறை வரைந்தார். அதன் கீழே "சீனர் புலம்பெயர்வின் கண்ணீர்" என்று ஒட்டியதை நான் பார்த்ததில்லை. அழகன்குளத்தில் 1943இல் பிறந்து பினாங்குக்கு வந்து, சென்னையில் ஓவியம் படித்த சையத் தாஜுடீன் அனுமனையும் சீதையையும் வரைந்தார், தனக்குப் பிடித்ததை. ஆர்மேனியன் தெருச் சுவரில் 2012இல் ஒரு லித்துவேனியர் வரைந்த சைக்கிள் பிள்ளைகளோடு படம் எடுக்க நம் ஆட்களும்தான் வெயிலில் வரிசையில் நிற்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் சிரிக்கின்றன, அவ்வளவுதான், யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அதே சைக்கிளில் நம் பிள்ளையை உட்கார வைத்து நான் வரைந்தால் அது வறுமையின் சின்னமாகிவிடும். டத்தோ அதைப் பற்றிப் பேசுவார், நாம் கைதட்டுவோம். பிறகு படத்தை வாங்க வருபவர், "கொஞ்சம் சோகமாக இருக்கிறதே, வரவேற்பறையில் மாட்டலாமா?" என்று விலையைக் குறைக்கச் சொல்வார். நாமே சோகத்தை ஒட்டுவோம், நாமே அதற்குத் தள்ளுபடியும் கேட்போம். சனிக்கிழமை மாலை ஒருவர் என்னிடம் அப்படியே கேட்டார். வாசகத்தை நம்பித்தான் கேட்டார், பாவம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அத்தைக்கு இந்த ஓவியத்தைக் கைப்பேசியில் காட்டியபோது நெடுநேரம் பார்த்துவிட்டு, "மங்கைச் சரியாக வைக்கவில்லை, பால் வெளியே சிந்தும்" என்றார். மங்கு என்றால் பால் பிடிக்கும் கிண்ணம். மங்கைத் திருத்தி வரைந்தேன். என் ஓவியத்தைத் திருத்தச் சொல்லும் உரிமை உள்ளவர் சொன்னது அந்த ஒன்றுதான்.

அடுத்த மாதக் கோலாலம்பூர் கண்காட்சிக்கு என் ஃபெர்ரி ஓவியத்தைக் கேட்டிருக்கிறார்கள். பினாங்குத் தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே ஓடி இப்போது ஓய்ந்துபோன அந்தப் பழைய ஃபெர்ரியின் கம்பியில் சாய்ந்து ஒருவர் பட்டர்வொர்த் பக்கம் பார்க்கும் ஓவியம். "கடல் கடந்து வந்த நம் மூதாதையரின் ஏக்கம்தானே இது?" என்று நேற்றே தொலைபேசியில் கேட்டுவிட்டார்கள். இல்லை. அது என் அப்பா, வேலை முடிந்து வீடு திரும்புகிறார், கையில் கச்சாங் பூத்தே, அதாவது வறுகடலைப் பொட்டலம். அட்டையில் "அப்பா கச்சாங் பூத்தே சாப்பிடுகிறார்" என்று போடுங்கள். அதற்கு மேல் ஓர் எழுத்து இருந்தாலும் திறப்புவிழா நடக்கும்போதே படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவேன். டத்தோ பேசிக்கொண்டிருந்தாலும் சரி.