எக்மோ போட்டால் ஆள் காலி என்று சொன்ன மாமாவுக்கு

நம்ம வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றுகிற அந்த ஆடியோ எனக்கும் வந்துவிட்டது. இனி யாரும் அனுப்ப வேண்டாம். நேற்று இரவுக்குள் 11 பேர் அனுப்பியிருந்தீர்கள். "எக்மோ போட்டாங்கன்னா ஆள் காலின்னு அர்த்தம், மீதி நாளெல்லாம் பில்லுக்குத்தான்" என்று பேசுகிற அந்தக் குரலை எனக்கு நன்றாகவே தெரியும். பேர் சொல்ல மாட்டேன். சொல்லாவிட்டாலும் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பாதிப் பேருக்குத் தெரியும்.

இப்போது எக்மோவில் இருக்கிற ஒரு பையனின் அப்பா அதே குரூப்பில் இருக்கிறார். மகனைச் சென்னையில் எக்மோவில் வைத்துவிட்டு, மாற்று நுரையீரலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிற மனுஷன். அதை ஃபார்வர்டு செய்தவர்கள் ஒரு நிமிடம் அதை நினைத்தீர்களா?

எக்மோ என்பது ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, திரும்ப உடம்புக்குள் அனுப்புகிற மெஷின். எக்மோ என்றால் சாவு என்று அர்த்தம் இல்லை. என் தங்கைக்குப் போட்டார்கள். இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் அடுப்படியில் பால் பொங்கிவிட்டதென்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

கதை தெரியாதவர்களுக்காக. ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போன ஒரு மே மாதம், படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இங்கே ஒரு டாக்டர் எட்டு மாதம் டிபி மாத்திரை கொடுத்தார். (ஆஸ்பத்திரிக்காரனுக்கு நான் ஏஜென்டு என்று கமென்ட் போட்டவர் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.) கடைசியில்தான் தெரிந்தது, நுரையீரல் இறுகி நாராகிப் போகிற நோய். அப்புறம் ஆக்சிஜன் மெஷினோடு வாழ்க்கை. கரண்ட் போனால் நான் சிலிண்டரை உருட்டிக்கொண்டு ஓடுவேன். நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறி இதயத்தின் வலது பக்கமும் வீங்க ஆரம்பித்தது. இரண்டு நுரையீரலையும் மாற்றுவது ஒன்றுதான் வழி என்றார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் பெர்ஃபியூஷனிஸ்ட் ஒருவர் எங்களை உட்கார வைத்து விளக்கினார். அந்த மெஷின்களை ஓட்டுகிறவர் அவர்தான். ஒரு நுரையீரலை எடுத்துவிட்டுப் புதியதைத் தைக்கும் நேரத்தில், கெட்டுப்போன இன்னொன்றை நம்பித்தான் உயிர் இருக்கும். ரத்தக்குழாயைக் கிளிப் போட்டு அடைத்ததும் மொத்த ரத்தமும் அந்த ஒரு பக்கம் பாயும். சிலருக்கு இதயம் அதைத் தாங்கும். அவர்களுக்கு மெஷினே இல்லாமல் முடித்துவிடுவார்களாம். என் தங்கைக்குத் தாங்காது. ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, திரும்ப உள்ளே தள்ள வேண்டும்.

நம்ம ஊர் பாஷையில் சொன்னால் குப்பனூர் வழி. மெயின் ரோட்டில் மண் சரிந்தால் ஏற்காட்டுக்கு வண்டியைக் குப்பனூர் வழியாக விடுகிறார்கள் அல்லவா? ரோடு சரியானதும் பழையபடி 20 கொண்டை ஊசி வளைவிலேயே ஏறுகிறோம். குப்பனூர் வழியாகப் போனவனெல்லாம் செத்தான் என்று யாராவது ஆடியோ போட்டீர்களா?

இதற்குப் பழைய முறை ஹார்ட் லங் மெஷின். 1953-ல் அமெரிக்காவில் ஜான் கிப்பன் என்ற சர்ஜன் அதை வைத்து ஒரு பெண்ணுக்கு இதய ஆபரேஷன் செய்து காப்பாற்றினார். அதில் ரத்தம் முதலில் ஒரு தொட்டியில் சேரும், அங்கிருந்து பம்ப் ஏற்றும், சம்ப்பில் தண்ணீர் விட்டு மேலே ஏற்றுகிற மாதிரி. எக்மோவில் தொட்டி கிடையாது, நேர்க் குழாய். தொட்டியும் காற்றும் ரத்தத்தில் படுவதால் பழைய மெஷினில், ரத்தம் உறையாமல் தடுக்கிற ஹெப்பாரின் மருந்து நிறையக் கொடுக்க வேண்டும். சாதாரணமாக 100 நொடியையொட்டி உறைகிற ரத்தம் 480 நொடி ஆனாலும் உறையக் கூடாது. எக்மோவுக்கு 200 நொடி பக்கம் இருந்தாலே போதுமாம். ரத்தக் கசிவும் குறைவு, ஏற்றுகிற ரத்த பாட்டிலும் குறைவு. அதனால்தான் நுரையீரல் மாற்றும் பல இடங்களில் பழைய மெஷினை ஓரமாக வைத்துவிட்டு எக்மோவுக்கு மாறினார்கள். இது பில்லுக்குச் செய்த வேலையாம்!

ஆபரேஷன் முடிந்த பிறகும் இரண்டு நாள் கழற்றவில்லை. புது நுரையீரலுக்குள் மொத்த ரத்தமும் ஒரேயடியாகப் பாய்ந்தால் அதில் நீர் கோத்துவிடும், இதயமும் புதுக் கணக்குக்குப் பழக வேண்டும், மெதுவாகக் குறைக்கிறோம் என்றார்கள். மூன்றாம் நாள் காலை கழற்றினார்கள்.

சரி, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். "ஜெயலலிதாவுக்கும் எஸ்.பி.பி.க்கும் எக்மோதானே போட்டார்கள்?" ஆமாம். 2016 டிசம்பரில் அந்த அம்மாவுக்குப் போட்டது இதயத் துடிப்பு நின்றுபோன பிறகு. 2020-ல் எஸ்.பி.பி.க்குப் போட்டது கொரோனா நுரையீரலைத் தின்ற பிறகு. தமிழ்நாடே எக்மோ என்ற சொல்லை அந்த இரண்டு சாவுகளில்தான் கற்றுக்கொண்டது. அது மெஷினின் துரதிர்ஷ்டம். தீயணைப்பு வண்டி நிற்கிற வீடெல்லாம் எரிந்த வீடுதான். அதற்காக வண்டிதான் கொளுத்தியது என்பீர்களா?

"ஆபத்தே இல்லையா?" இருக்கிறது. ரத்தம் கசியும், கட்டும், மூளையைத் தாக்கும், குழாய் போட்ட காலுக்கு ரத்தம் குறையும். எங்களுக்கு அடுத்த கட்டிலில் இருந்த ஓமலூர்க்காரர் எக்மோவிலேயே போய்விட்டார். அவர் மனைவியோடு சேர்ந்து அந்த வராந்தாவில் நானும் அழுதேன். இதை மறைத்து நான் எழுதவில்லை.

"செலவு?" லட்சக்கணக்கில். வீட்டுப் பத்திரம் இன்னும் பாங்கில்தான் இருக்கிறது. அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம், யாரும் அப்போது கேட்கவும் இல்லை.

இன்னொருவர், "நீ கொலுசுக் கடையில் கணக்கு எழுதுகிறவன், உனக்கென்ன மருத்துவம் தெரியும்?" என்கிறார். ஒன்றும் தெரியாதுங்க. ஆடியோ போட்டவர் எந்தக் காலேஜில் படித்தார் என்று அவரிடமும் கேட்டீர்களா?

இப்போது மாமாவுக்கு. ஆமாம், மாமா, நீங்கள்தான்.

அந்த இரண்டாம் நாள் இரவு நீங்கள் எனக்குப் போன் செய்தீர்கள். ஐசியூ வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கேட்ட முதல் கேள்வி: "பாடி எப்படா வரும்?" எக்மோ என்று காதில் விழுந்ததும் நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். அதோடு விட்டீர்களா? அம்மாவிடம் போய்ச் சொன்னீர்கள். அம்மா அன்றைக்கு விழுந்து அழுததில் பக்கத்துத் தெருக்காரர்களெல்லாம் வாசலில் நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டார்கள். என் தங்கை கண் விழிக்கிற காலையில் இங்கே அவளுக்காக நாற்காலி போட்டிருந்தது, மாமா.

நான் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. நீங்களும் வந்து அவளைப் பார்த்ததில்லை. தெருமுனையில் பார்த்தால் வண்டியைத் திருப்பிக்கொள்கிறீர்கள். வெட்கத்தில்தான் என்று அம்மா சமாதானம் சொல்கிறாள். நானும் நம்பிக்கொண்டிருந்தேன், நேற்று இந்த ஆடியோவைக் கேட்கும்வரை.

அவளும் கேட்டுவிட்டாள். "அண்ணா, மாமா குரல் தளர்ந்துபோச்சு இல்ல?" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பையனின் அப்பாவுக்கு நான் போன் செய்து அரை மணி நேரம் பேசினேன். நீங்களும் ஒரு போன் போடுங்கள். குரூப்பில் வேண்டாம், நேராக அவருக்கு. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு வரவும், அவளுக்குக் கிருமி ஆகாது. சளி இருந்தால் அடுத்த வாரம் வாருங்கள்.