தயவுசெய்து என் நாய்க்கு பிஸ்கட் போடாதீர்கள்

"ஒண்ணே ஒண்ணுதானேப்பா, ஆசையா பார்க்குது!" இதை இன்னொரு முறை கேட்டால் கத்திவிடுவேன்.

எங்கள் ராஜபாளையத்துக்கு ஒன்றரை வயது. அடுத்த மாதம் நாய்க் கண்காட்சி. 'வா' என்றால் வரவும், நடுவர் வாயைத் திறந்து பல் பார்க்கும்போது அசையாமல் நிற்கவும் ஆறு மாதமாகப் பழக்குகிறேன். வேகவைத்த கோழி ஈரல், நகம் அளவுத் துண்டு, அதுவும் சொன்னதைச் செய்தால் மட்டும். படியிறங்கினால் போதும், கீழ்வீட்டு மாமா கிரீம் பிஸ்கட், எதிர்வீட்டு அக்கா முறுக்கு, பால்காரர் பன். சும்மா நின்றாலே தின்பண்டம் கிடைக்கிறது என்றால் என் பேச்சை அது ஏன் கேட்க வேண்டும்?

நேற்று ஒருவர் உலர்திராட்சை மிதக்கும் பாயசத்தைக் கிண்ணத்தோடு கீழே வைத்துவிட்டார். திராட்சை நாயின் சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கும். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் இதயத்துடிப்பைத் தாறுமாறாக்கும். வெங்காயம் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். எத்தனை தடவை சொல்வது? சொன்னால், "நாங்க வளர்க்காத நாயா?"

சரி, ராத்திரி இரண்டு மணிக்கு அது வாந்தி எடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து தடவிக் கொடுப்பது யார்? உங்கள் பேரப்பிள்ளை வாயில் நான் கேட்காமல் எதையாவது திணித்தால் சும்மா இருப்பீர்களா? என் பிள்ளைக்கு மட்டும் ஏன்?