சாம்பல்னா அவ்வளவு இளக்காரமா?

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்தாச்சு. பாலத்தில் ஏறும் சாலைக் கரையில், அதாவது அப்ரோச்சில், லாரி அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கொட்டுகிறது. வீடியோ எடுத்த தம்பி ஒரு பிடி அள்ளி ஊதிக் காட்டிவிட்டு, "மக்களே, இதுல ரோடு போட்டா நிக்குமா?" என்கிறார். பின்னணியில் சோக மியூசிக் வேறு. மறுநாளே வேலையை நிறுத்திவிட்டார்கள்.

நிற்காது தம்பி. வெறும் சாம்பல் நிற்காது. வெறும் மணலும் நிற்காது. அதனால்தான் ரெண்டையும் கலந்து, சுண்ணாம்பு சேர்த்து, தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டுகிறார்கள். சுண்ணாம்பு மூட்டை பக்கத்து ஷெட்டில்தான் அடுக்கியிருந்தது. உங்கள் கேமரா மட்டும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

நம்ம தூத்துக்குடிப் பக்கத்து மண் எப்படிப்பட்டது என்று தேரிக்காட்டுச் செம்மணல் மேட்டில் நடந்தவர்களுக்குத் தெரியும். ஒரு பிடி ஈர மணலை உருட்டி வையுங்கள், காய்ந்ததும் உதிர்ந்துவிடும். மணிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு. இடுக்கை அடைக்கப் பொடி இல்லை, ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளப் பசையும் இல்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியபோது என்ன ஆனது? ஸ்ரீவைகுண்டம் பக்கம் அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துப்போய் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. நடுவழியில் நின்ற செந்தூர் ரயிலில் இருந்த சனம் பட்ட பாட்டை அதற்குள் மறந்துவிட்டோமா? அப்படி ஒரு வெள்ளத்தைச் சாம்பல் கரை தாங்கியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. சாதாரண ஐப்பசி மழைக்கே வருஷா வருஷம் ரோட்டோரம் கரைகிறதே, அதைச் சொல்கிறேன்.

சாம்பலின் நைஸ் பொடி மணலின் இடுக்கை அடைக்கிறது. அதில் இருக்கும் சிலிக்காவும் அலுமினாவும் ஈரத்தில் சுண்ணாம்போடு சேர்ந்து, சிமெண்ட் போல இறுகுகின்றன. மெதுவாகத்தான் இறுகும், நாள் கொடுக்க வேண்டும். ஒரு ரோடு வேலையில் நாங்கள் 100 கிலோ மணலுக்கு 20 கிலோ சாம்பலும் 4 கிலோ சுண்ணாம்பும் போட்டோம். சுண்ணாம்பு இல்லாமல் பிடித்த சோதனை உருளையை வாளித் தண்ணீரில் போட்டால், டீ குடித்து முடிப்பதற்குள் சேறாகிவிட்டது. சுண்ணாம்பு போட்டு ஏழு நாள் ஈரச் சாக்கில் வைத்த உருளை மறுநாள் காலையிலும் முனை மழுங்காமல் கிடந்தது. அதை இன்றும் என் வீட்டில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறேன். வந்து பாருங்கள்.

"கழிவுதானே அண்ணாச்சி?" என்பார்கள். ஆமாம், கழிவுதான். உங்கள் வீட்டு சிமெண்ட் மூட்டையில் பிபிசி (PPC), அதாவது போஸலானா சிமெண்ட், என்று போட்டிருந்ததா? பெரும்பாலும் அதில் சேர்த்திருப்பதும் இதே சாம்பல்தான். 15 முதல் 35 சதவீதம் வரை சேர்க்கலாம் என்று இந்தியத் தரநிலையே சொல்கிறது. மாடியில் இருந்தால் சிமெண்ட், ரோட்டில் இருந்தால் ஊழலா? டெல்லியில் யமுனைக் கரையோரம் இரண்டாம் நிஜாமுதீன் பாலத்துக்கு அப்ரோச் கரையையே 90களில் சாம்பலில்தான் எழுப்பினார்கள். சாலைக் கரையில் சாம்பல் போடுவதற்கான ஐஆர்சி (இந்தியச் சாலை காங்கிரஸ்) வழிகாட்டி 2001லேயே வந்துவிட்டது. நேற்று யாரோ கண்டுபிடித்த தில்லுமுல்லு இல்லை இது.

"ஆர்சனிக், ஈயம் எல்லாம் இருக்குமே?" இது நியாயமான கேள்வி. எண்ணூரில் அனல்மின் நிலையக் குழாய் உடைந்து சாம்பல் குழம்பு கழிமுகத்தில் கலந்ததை நானும் பார்த்து வயிறு எரிந்தவன்தான். அதனால்தான் கரைக்குப் பக்கவாட்டில் மண் போர்வை போட வேண்டும், நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடத்தில் யோசிக்க வேண்டும். அதைக் கேளுங்கள். சுண்ணாம்பு எத்தனை சதவீதம், எத்தனை நாள் ஈரம் காத்தீர்கள் என்று கேளுங்கள். ஊதிக் காட்டாதீர்கள்.

"காண்ட்ராக்டர் சுண்ணாம்பைத் திருடுவான்" என்றால் என்னிடம் பதில் இல்லை. திருடுகிறவன் எதில்தான் திருட மாட்டான்? என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மழைக்காலத்தில் வாய் பிரிந்து கிடந்த சுண்ணாம்பு மூட்டைகளை அப்படியே கலக்கவிட்டேன். காற்றுப் பட்டுப் பட்டு அது வெறும் சாக்கட்டியாகிவிட்டிருந்தது. பத்து நாள் கழித்து விரலால் கிளறினால் கரை பொலபொலவென்று வந்தது. ஜேசிபி வைத்துச் சுரண்டி எடுத்தோம். சாம்பல் மேல் பழியைப் போட்டிருக்கலாம். போடவில்லை.

சரி, சாம்பல் வேண்டாம். அதற்குப் பதிலாகக் கரைக்குப் போடச் செம்மண் எங்கிருந்து வரும்? எந்த ஊர்க் குளத்துக்குள் பொக்லைன் இறங்கும், எந்தப் பொத்தைக் குன்று மொட்டையாகும்? அதை வீடியோ எடுக்க ஆள் கிடையாது. பொதுவாகத் தூத்துக்குடி அனல்மின் நிலையத்துச் சாம்பலைத் திட்டுவது சுலபம், அந்தக் கரண்டில் ஃபேன் ஓடுகிறது என்பதை மறந்துவிட்டால்.

இவ்வளவும் எழுதியிருக்க மாட்டேன். வீடியோவை எங்க அத்தானும் பகிர்ந்து, கீழே "மாப்பிள்ளைக்கு இதுல எவ்வளவு வந்துச்சோ" என்று சிரிப்பு பொம்மை போட்டிருக்கிறார். பத்தொன்பது சொந்தக்காரர்கள் லைக். அத்தான், உங்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் முழுக்க இதே சாம்பலில் செய்த கல். கல்லுக்கு ஐம்பது காசு குறைக்கச் சொல்லி வெயிலில் நின்று பேரம் பேசிக் கொடுத்தது நான்தான்.