தீவைக் கேட்கிறீர்கள், மடியைப் பற்றியும் கேளுங்கள்

இழுவைமடியை, அதாவது விசைப்படகு கடல் தரையோடு இழுத்துவரும் வலையை, கைவிட வேண்டும் என்று ஜெட்டியில் நான் பேசியதன் 30 விநாடி வீடியோவை நேற்று இரவிலிருந்து எனக்கே பத்துப் பதினைந்து பேர் அனுப்பிவிட்டார்கள். “யாழ்ப்பாணத்து மீனவனும் நம்ம ஆள்தானே” என்ற இடத்தோடு வெட்டி, இலங்கைக்கு வக்காலத்து வாங்குகிறார் என்று மேலே எழுதியிருக்கிறார்கள். நான் இன்னும் வேட்புமனுகூடத் தாக்கல் செய்யவில்லை, அதற்குள் துரோகிப் பட்டம். வலிக்கிறது. ஆனால் சொன்னதில் ஒரு சொல்லையும் திரும்ப வாங்க மாட்டேன்.

கச்சத்தீவை இலங்கைக்குக் கொடுத்தது தவறு. அதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. ஆனால் மேடையில் 1974 ஒப்பந்தத்தை மட்டும் சொல்கிறோம். நம் மீனவர்களும் யாத்ரீகர்களும் விசா இல்லாமல் தீவுக்குப் போய்வரலாம் என்று அந்த ஒப்பந்தத்தின் 5ஆவது பிரிவே சொல்கிறது. ஒரு நாட்டின் படகு மற்ற நாட்டின் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று முடித்தது 1976 மார்ச்சில் நடந்த கடிதப் பரிமாற்றம். எல்லைக் கோடு தீவுக்கு ஒரு மைல் மேற்கே ஓடுகிறது. 285 ஏக்கர் தீவு நாளைக்கே நம் கைக்கு வந்தாலும் கோடு கொஞ்சம் கிழக்கே தள்ளும், அவ்வளவுதான். படகு பிடிபட்ட செய்தியில் அடிக்கடி வரும் பெயர் நெடுந்தீவு. அது கச்சத்தீவையும் தாண்டி யாழ்ப்பாணத்துப் பக்கம் இருக்கிறது. மடி மாறாதவரை நம் மீனவர் சிறைக்குப் போவது நிற்காது.

மடி என்ன செய்கிறது என்று கடற்கரைக்கு வராதவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு பலகைகள் வலையின் வாயை விரித்துப் பிடிக்கும். அடிக்கயிற்றில் கோத்த சங்கிலி தரையைச் சுரண்டிக்கொண்டே வரும். குஞ்சு, சினை, பாசி எல்லாம் உள்ளே போகும். விலை போகாததெல்லாம் சங்காயமாகக் காய்ந்து கோழித்தீவனத்துக்குப் போகிறது. இரவில் யாழ்ப்பாணத்து மீனவர் விரித்துவைத்த வலை குறுக்கே வந்தால் பலகையில் சுற்றிக்கொள்ளும். அறுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். 2009 வரை போரால் கடலுக்குள் இறங்கவே முடியாமல் கிடந்தவர்கள் கடன் வாங்கி நெய்த வலை அது.

“நம் மீனவரைச் சுட்ட இலங்கைக் கடற்படையை விட்டுவிட்டு நம்மவனைக் குறை சொல்கிறாயா?” என்று கேட்கிறார்கள். சுட்டது கொலை. எந்த ஒப்பந்தமும் அதை நியாயப்படுத்தாது, அதை எந்த மேடையிலும் சொல்வேன். ஆனால் நம் நாட்டுப்படகுக்காரரைக் காப்பாற்ற, கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு வரக்கூடாது என்று 1983-லேயே நம் சட்டம் சொல்லிவிட்டது. மண்டபத்து நாட்டுப்படகுக்காரருக்கு அநியாயமாக இருப்பது இலங்கையின் மன்னார்க்காரருக்கு மட்டும் எப்படி நியாயமாகும்? இலங்கை 2017-ல் தன் ஆட்களுக்கும் சேர்த்துத்தான் இழுவைமடியைத் தடை செய்தது.

மாற்று வழி இல்லையா என்றால், 2017-லேயே திட்டம் போட்டார்கள். பாக் விரிகுடா விசைப்படகை ஒப்படைத்தால் 80 லட்சத்தில் ஆழ்கடல் சூரைப் படகு. மத்திய அரசு 40, மாநில அரசு 16, வங்கிக் கடன் 16, மீனவர் 8 லட்சம். 2,000 படகு என்று இலக்கு. அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. காரணம் புரிந்துகொள்ளக் கஷ்டமில்லை. காலையில் அனுமதி டோக்கன் வாங்கிப் போய் மறுநாள் காலை கரைக்கு வருகிறவர்களை, ஐஸ் ஏற்றிக்கொண்டு நாள்கணக்கில் கடலில் கிட என்கிறோம். சூரைக்குப் போடும் தூண்டில் தொழில் வேறு கை, வேறு பழக்கம். ராமேசுவரத்திலிருந்து பாம்பன் கால்வாயைத் தாண்டித்தான் ஆழ்கடலுக்குப் போக வேண்டும், அதற்கே டீசல் தனி. முதல் இரண்டு வருடம் மீன்பாடு சரியில்லை என்றால் தவணையை யார் கட்டுவது? அந்த இரண்டு வருடத் தவணையை அரசு ஏற்க வேண்டும், பயிற்சிக்குப் போகும் நாளுக்குக் கூலி தர வேண்டும். என் கோரிக்கை இதுதான். வீடியோவில் வெட்டியதும் இதைத்தான்.

இன்னொன்றையும் வெட்டிவிட்டார்கள். படகின் முதலாளி கரையில் இருக்கிறார். சிறைக்குப் போவது பங்குக்கு ஏறிய கூலிக்காரர். இரண்டாவது தடவை பிடிபட்டால் தண்டனை இன்னும் கூடும் என்று தெரிந்தும் ஏறுகிறார், முன்பணம் வாங்கியிருக்கிறாரே. அவர் வீட்டுப் பெண் கலெக்டர் அலுவலக வாசலில் ஆதார் நகலும் மனுவுமாக நிற்கிறார். அந்தப் பெண்ணிடம் போய்த் தீவை மீட்டுத் தருகிறேன் என்று சொல்லி ஓட்டுக் கேட்க எனக்கு வாய் வராது.

திங்கள் அன்று படகுகள் கிளம்புவதற்கு முன் அதே ஜெட்டியில் இதையே மறுபடி பேசுகிறேன். வீடியோ எடுப்பவர்கள் தாராளமாக வாருங்கள், முழுசாகப் போடுங்கள்.